பந்து (தற்காலிகம்) ஒன்று

எல்லைக் கிராமக் கணக்கு ஆபீசுக்குக் கர்னூலிலிருந்து வந்த சுற்றறிக்கை, ஊழியர்கள் அனைவரும் பிரதி வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் குதூகலம் அடைய வேண்டும் என்று உத்தரவிட்டது. நான்கு மணிக்குக் குதூகலத்தை நிறுத்திவிட்டு அறிக்கை அனுப்ப வேண்டும்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம். ஆந்திர ராஜ்யத்துக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. தலைநகரமான கர்னூலில் பல இலாகாக்கள் இன்னும் கூடாரத்தில்தான் குடியிருந்தன. சித்தூர் ஜில்லாவில் எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு, எது சென்னைக்கு என்ற இழுபறி தீரவில்லை. ஆகவே, இழுபறியில் இருந்த கிராமங்களின் பழைய கணக்குப் புத்தகங்களை மூட்டை கட்டிச் சித்தூருக்குக் கொண்டுவந்து, எந்த ஊரில் எத்தனை பேர் தமிழில் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை பேர் தெலுங்கில் போட்டார்கள் என்று எண்ணுவதற்காக இந்த ஆபீசைத் திறந்தார்கள். கைநாட்டு வைத்தவர்களை எந்தப் பாஷையில் சேர்ப்பது என்ற கேள்வி இரண்டாம் நாளே வந்துவிட்டது. அன்று நின்ற எண்ணிக்கை இன்னும் நகரவில்லை.

நகர்ந்துகொண்டிருந்த ஒரே வேலை நகல் கொடுப்பது. கணக்குப் புத்தகம் சித்தூருக்கு வந்துவிட்டதால், ஊரில் நிலத்தகராறு உள்ளவர்களெல்லாம் அதன் நகலுக்கு இங்கேதான் வர வேண்டும். அதை எழுதிக் கொடுப்பவன் கோவர்த்தனன். சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பரீட்சையில் இங்கிலீஷ் என்று படித்துத் தேறித் தற்காலிகக் குமாஸ்தா ஆனவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவன் உத்தியோகம் செத்துப்போகும். ஸ்பெஷல் ஆபீசர் வெங்கடரமணன் ஒரு கையெழுத்துப் போட்டு அதை எழுப்பி உட்காரவைப்பார்.

சுற்றறிக்கைக்கு வருவோம். அமெரிக்காவிலிருந்து ஒரு நிபுணர் கர்னூலுக்கு வந்து, ஒரு கூடாரத்தில் நின்று பேசிவிட்டுப் போனாராம். ஒருவன் தனியாக மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து விளையாட்டாகப் பேசினால் புதுப்புது யோசனைகள் தோன்றும் என்றாராம். நல்ல விஷயந்தான். அவர் ரயிலேறியதும் இலாகா அதைக் கையில் எடுத்துக்கொண்டது. அதோடு அது நல்ல விஷயமாக இருந்த காலம் முடிந்தது.

சுற்றறிக்கையில் மூன்று விதிகள் இருந்தன. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாட வேண்டும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. யார் என்ன யோசனை சொன்னாலும் 'முடியாது' என்ற வார்த்தையை ஒருவரும் சொல்லக் கூடாது.

முதல் சிக்கல் வட்டம். மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டால் யார் மேலே, யார் கீழே என்று தெரியும். வட்டத்தில் எப்படித் தெரியும்? தலைமைக் குமாஸ்தா கிருஷ்ணப்பா அதைத் தீர்த்து வைத்தார். அவர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சந்திக்கிற குப்பம் ஊர்க்காரர். ஆமாம் என்பதை மூன்று பாஷைகளில் சொல்லத் தெரிந்தவர். ஆபீசர் நாற்காலியில் வட்டம் ஆரம்பிக்கும், அவருக்கு அடுத்து கிருஷ்ணப்பா, அப்புறம் டைப்பிஸ்ட் மனோரமா, கடைசியில் கோவர்த்தனனின் முக்காலி. கடைசி ஆள் முதல் ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததாக ஆகிவிடக் கூடாதே என்று, முக்காலிக்கும் ஆபீசர் நாற்காலிக்கும் நடுவே இரண்டு கஜம் இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில்தான் வாசற்படி இருந்தது.

இரண்டாவது சிக்கல் பந்து. பந்து கேட்டுக் கர்னூலுக்கு எழுதினார்கள். அது வரும்வரை ஒரு எலுமிச்சம்பழத்தைப் பந்தாகப் பாவிக்கலாம் என்று ஆபீசர் ஆணையிட்டார். பியூன் பழனி கொல்லையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து வந்தான். சாமான் ரிஜிஸ்டரில் 'பந்து (தற்காலிகம்) ஒன்று' என்று கோவர்த்தனன் பதிந்து கையெழுத்துப் போட்டான். தற்காலிகம் என்ற சொல்லை எழுதும்போது அவனுக்கு அந்தப் பழத்தின்மேல் ஒரு சொந்தம் உண்டாயிற்று. பழம் வாடினால் பழையதைக் கணக்கில் ஒப்படைத்துவிட்டுப் புதியது பறிக்கலாம் என்று ஏற்பாடு.

எலுமிச்சம்பழத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் வினை இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து, ஜனவரி முதல் தேதி காலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரிசையில் நின்று, துரை கையில் எலுமிச்சம்பழம் கொடுத்துப் பழகிய வர்க்கம் இது. வெள்ளைக்காரன் போய் எட்டு வருஷமாகிறது. பழம் போகவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை ஆபீசர் பழத்தைக் கிருஷ்ணப்பாவுக்கு எறிந்தார். கிருஷ்ணப்பா அதைப் பிடித்தார். பிடித்த கை தன்னால் இன்னொரு கையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. எழுந்தார், குனிந்தார், இரண்டு கையாலும் பழத்தை ஆபீசரிடமே கொடுத்தார்.

"என்ன கிருஷ்ணப்பா, யோசனை சொல்லலையே?"

பழம் தன் கையில் இல்லாததால் கிருஷ்ணப்பா விதிப்படி வாயைத் திறக்கவில்லை. ஆபீசர் மனோரமாவுக்கு எறிந்தார். அவளும் எழுந்தாள், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள். கோவர்த்தனனுக்கு எறிவதற்கு முன்பே ஆபீசருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. பழம் கையில் இருந்ததால் பேசினார். நாலு மணி வரை பேசினார்.

மூன்றாவது வாரத்தில் யோசனை ரிஜிஸ்டரில் நாற்பத்தொரு யோசனைகள் ஏறியிருந்தன. 'யோசித்தவர்' என்ற கட்டத்தில் நாற்பத்தொரு தடவையும் ஆபீசர் பெயர். 'சிரிப்பு உண்டா, இல்லையா' என்ற கட்டத்தில் மனோரமா 'உண்டு, ஆபீசரைத் தொடர்ந்து' என்று எழுதியிருந்தாள். ஆபீசருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் ஸ்டாஃப் மாதிரி ஒரு ஸ்டாஃப் கிடைக்காது," என்றார் பழத்தை உருட்டிக்கொண்டே. "துளி அகம்பாவம் கிடையாது. ஒரு யோசனையைக்கூட இது என்னுதுன்னு ஒருத்தரும் சொல்லிக்கலை பாருங்க. இதுக்குப் பேர்தான் கூட்டு முயற்சி."

இந்த நாற்பத்தொன்றில் ஒன்பதாவது யோசனைதான் நகலுக்குக் காத்திருந்த கமலம்மாவின் வயிற்றில் அடித்தது. 'நகல் வழங்கும் முறையைப் புதுமைப்படுத்தலாம்' என்பது அந்த யோசனை. முடியாது என்று யாரும் சொல்லக் கூடாதாகையால் அது அப்போதே நிறைவேறியது. புது முறை வரப்போகிறபோது பழைய முறையில் நகல் கொடுப்பது முறையாகாது என்று பழைய முறையை நிறுத்தினார்கள். புது முறை என்ன என்று யோசிக்கவில்லை. அதற்கு வெள்ளிக்கிழமை வர வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் வேறு யோசனை தோன்றிவிடும். இப்படியே மூன்று மாதம் போயிற்று.

கமலம்மாவுக்கு விஜயபுரத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். புருஷன் போய்ச் சேர்ந்த மறுமாதமே, ஒன்றரை ஏக்கர் கடலைக்காடும் கிணறும் தனக்குத்தான் என்று கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தான். அது பாகம் பிரிந்து புருஷன் பேருக்கு வந்த நிலம் என்பதற்கு ஒரே ருசு, பதினேழாம் மூட்டையில் இருந்த கணக்கின் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தைக் கோவர்த்தனன் எப்போதோ எழுதி, ஒப்பிட்டு, மடித்து மேஜை இழுப்பறையில் வைத்திருந்தான். பாக்கி இருந்தது ஆபீசர் கையெழுத்தும் ஒரு சீலும்.

"திருப்பதி கோர்ட்டுல ரெண்டு வாய்தா வாங்கியாச்சு நைனா," என்றாள் அவள், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து. "திங்கக்கெழம காயிதம் இல்லாம வந்தா தீர்ப்பு எழுதிடுவேன்னு ஜட்ஜி சொல்லிட்டாரு. இன்னாதான் சொல்றாரு உங்க ஆபீசரு?"

"ஆகட்டும்னு சொல்றாரும்மா."

"அதத்தான் மூணு மாசமா சொல்லிக்கினு கீறாரு. முன்னாடி ஒரு ஆபீசுல முடியாதுன்னாங்க. நானும் வூட்டுக்குப் போனேன், வேற வழி பாத்தேன். இவுரு ஆவட்டும் ஆவட்டும்னு சொல்லி என்னை இந்த பெஞ்சிலயே காய வெக்கிறாரு." முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கை வேகவைத்த கடலையை எடுத்து அவன் முன் வைத்தாள். "துன்னு. மூஞ்சியப் பாரு, ஒடுங்கிக் கெடக்குது."

கோவர்த்தனன் ஒரு கடலையை உரித்தான். அவனிடமும் ஒரு யோசனை இருந்தது. எழுதி வைத்த நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்பதுதான் அது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் சொன்னால், "அதெல்லாம் ஆட்டத்துல சொல்லுப்பா, இப்படி வழியில நின்னு சொன்னா யோசனைக்கு என்ன மரியாதை?" என்பார் ஆபீசர். வெள்ளிக்கிழமைகளில் பழம் அவன் முக்காலிவரை வந்ததே இல்லை.

இந்த நிலையில் கர்னூலிலிருந்து ஜாயிண்ட் டைரக்டர் ஆட்டத்தைப் பார்வையிட வருகிறார் என்று தந்தி வந்தது. வருவது அந்த வார வெள்ளிக்கிழமை. கமலம்மாவின் திங்கட்கிழமைக்கு மூன்று நாள் முந்தி.

திங்கள் முதல் வியாழன் வரை ஒத்திகை. இயல்பாகச் சிரிப்பதற்குக் கிருஷ்ணப்பா பயிற்சி கொடுத்தார். முதலில் ஆபீசர் சிரிக்க வேண்டும், அவர் மூச்சு வாங்கும்போது கிருஷ்ணப்பா, பிறகு மனோரமா. கோவர்த்தனன் தற்காலிகம் என்பதால் புன்னகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். திடீரென்று யோசனை தோன்றிய முகபாவத்தைப் பழனி தண்ணீர் கொண்டுவரும் நேரத்தில் காட்டலாம் என்று முடிவாயிற்று. அந்த நாலு நாளும் ஆபீசில் ஒரு தபாலும் பிரிக்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை ஜாயிண்ட் டைரக்டர் வந்தார். கோட்டுப் போட்ட கனத்த மனிதர். கூடவே இலாகாப் பத்திரிகைக்காக ஒரு போட்டோக்காரர். ஆபீசர் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதனால் வட்டத்தில் எல்லாரும் ஓர் இடம் தள்ளி உட்கார, கோவர்த்தனனின் முக்காலி வாசற்படியைத் தொட்டது. படிக்கு அந்தப் பக்கம் வராந்தா பெஞ்சில் கமலம்மா.

ஆட்டம் ஆரம்பமாயிற்று. ஆபீசர் கிருஷ்ணப்பாவுக்கு எறிந்தார், பழம் திரும்பி வந்தது. மனோரமாவுக்கு எறிந்தார், பழம் திரும்பி வந்தது. உடனே ஆபீசருக்கே ஜனவரி முதல் தேதி ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து, குனிந்து, இரண்டு கையாலும் பழத்தை ஜாயிண்ட் டைரக்டரிடம் கொடுத்தார். அவரும் பழக்க தோஷத்தில் அதை முகர்ந்து பார்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

பந்து பைக்குள் போனதும் ஆட்டம் நின்றது. யாரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து விஷயம் புரிந்து, அவர் பழத்தை வெளியே எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நண்பர்களே," என்றார். "இந்த விதிகளை எழுதினது நான்தான். கூடாரத்துல காத்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ஒரு கையால பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால எழுதினேன். இது ஜனநாயகம். பந்து கையில இல்லாதவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் பேசக் கூடாது. விதி எனக்கும் சேர்த்துத்தான். அதனாலதான் நான் போற ஊர்லயெல்லாம் பந்தை முதல்ல வாங்கி வெச்சுக்கிறது."

ஆபீசர் சிரித்தார். கிருஷ்ணப்பா சிரித்தார். மனோரமா சிரித்தாள். கோவர்த்தனன் புன்னகைத்தான்.

"சாதாரண மனுஷன் பேச்சைக் கேக்கணும். அதைப் பத்தி நான் ஏழு ஜில்லாவுல பேசியிருக்கேன். ஒருத்தர்கூட குறுக்க பேசினது கிடையாது." இப்படி முக்கால் மணி நேரம் போயிற்று. வராந்தாவில் கமலம்மா இரண்டு தடவை எழுந்து நின்று உட்கார்ந்தாள். திருப்பதி வழியாகப் போகும் பஸ் நாலரைக்கு. அதில் ஏறினால்தான் வக்கீலை நாளைக் காலையில் பார்க்க முடியும். கோவர்த்தனன் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் போட்டோக்காரர் சைகை காட்டினார். பந்து எறிகிற மாதிரி ஒரு படம் வேண்டும், கை நன்றாக நீள வேண்டும், ஆகவே தூரத்து ஆளுக்கு எறிய வேண்டும். தூரத்து ஆள் முக்காலியில் இருந்தான். ஜாயிண்ட் டைரக்டர் காமிராவைப் பார்த்துக்கொண்டே எறிந்தார். பழம் கோவர்த்தனனின் மடியில் வந்து விழுந்தது.

மூன்று மாதமாக வராத பழம். அதைக் கையில் எடுத்தவுடன் சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துபோயிற்று. தற்காலிகம், தற்காலிகம் என்று நெஞ்சு அடித்தது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். வழக்கப்படி இன்னொரு கையும் வந்து சேர்ந்துகொண்டது. எழுந்து நின்றான். பழத்தை மரியாதையாக யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று உடம்பு சொல்லிற்று. ஆபீசர் வாங்கிக்கொள்வதற்குக் கையைக்கூட நீட்டிவிட்டார்.

கோவர்த்தனன் திரும்பினான். படியைத் தாண்டி வராந்தாவுக்குப் போனான். குனிந்து, இரண்டு கையாலும், கமலம்மாவிடம் கொடுத்தான்.

"சொல்லுங்கம்மா," என்றான். அவ்வளவுதான். பழம் கைமாறிவிட்டதால் அவனும் வாயை மூடிக்கொண்டான்.

கமலம்மா மூன்று மாதமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தவள். விதிகள் கிருஷ்ணப்பாவைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வட்டத்தின் நடுவே வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு ரோசனை கீது சாமி," என்றாள். "அந்தப் புள்ள எழுதி வெச்ச காயிதத்துல ஒரு கையெழுத்துப் போடறது."

ஆபீசர் வாயைத் திறந்தார். ஜாயிண்ட் டைரக்டர் தன் உதட்டில் விரலை வைத்து அவரைப் பார்த்தார். ஆபீசர் வாயை மூடினார். 'முடியாது' என்று தலையாட்டலாமா, கூடாதா என்று விதியில் சொல்லவில்லை.

"ரோசனை சொல்லியாச்சு. பழத்தத் தர மாட்டேன். குடுத்தா நீங்க பேச ஆரம்பிச்சிடுவீங்க, நான் பஸ்ஸ வுட்டுடுவேன். கையெழுத்தப் போடு சாமி."

அப்புறம் நடந்தது அந்த ஆபீஸ் சரித்திரத்தில் நடக்காதது. ஒருவரும் பேசாததால் வேலை நடந்தது. கோவர்த்தனன் மேஜை இழுப்பறையைத் திறந்து நகலை எடுத்தான். மனோரமா மைப்புட்டியை நகர்த்தினாள். ஜாயிண்ட் டைரக்டர் மலர்ந்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் படமெடுத்தார். ஆபீசர் கையெழுத்துப் போட்டார்.

"சீலு," என்றாள் கமலம்மா.

பழனி சீலைக் கொண்டுவந்து குத்தினான்.

"மேல ஊது. மை ஒட்டிக்கப் போவுது."

கிருஷ்ணப்பா ஊதினார். கமலம்மா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் பழத்தோடு இன்னொரு கையால் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.

பழமும் அவளோடு போய்விட்டது. அதனால் யாரும் பேச முடியவில்லை. நாலு மணி அடிக்கும்வரை எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜாயிண்ட் டைரக்டர் சைகையிலேயே பாராட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

பத்து நாளில் அவருடைய அறிக்கை வந்தது. பொதுமக்களையே ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட முன்மாதிரி ஆபீஸ் என்று புகழ்ந்திருந்தார். பந்து யார் கையில் இருந்தாலும், அவர் வெளியாளாக இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும் என்று ஒரு விதியும் சேர்த்திருந்தார். ஆபீசர் அறிக்கையைக் கண்ணாடி போட்டுத் தன் தலைக்கு மேலே மாட்டிவைத்தார். பொதுமக்களைச் சேர்த்தது ரிஜிஸ்டரில் நூற்று அறுபத்து நாலாவது யோசனையாக ஏறியது. யோசித்தவர் கட்டத்தில் வழக்கமான பெயர்.

கோவர்த்தனனுக்கு ஒரு மெமோ வந்தது. சர்க்கார் உடைமையான பந்து (தற்காலிகம்) ஒன்று குறைகிறது. அதை உடனே ஒப்படைக்க வேண்டும். தவறினால் உத்தியோக நீட்டிப்பு ஏன் மறுக்கப்படக் கூடாது என்பதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். முதல் பந்துக்குக் கணக்கு முடியாமல் இரண்டாவது பந்து வாங்க வழியில்லை. கொல்லை மரத்தில் பழங்கள் தொங்கிக்கொண்டிருந்தன, ஆட்டம் மட்டும் நின்றிருந்தது. ஒன்பதாவது யோசனை நிற்கவில்லை. நகல்கள் வெளியே போகவில்லை. பெஞ்சில் இப்போது கங்கையா என்ற புத்தூர்ப் பக்கத்துக் கிழவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு பக்கம் எழுதித் தயாராக இருந்தது.

ஏழாம் நாள் காலையில் கமலம்மா வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"செயிச்சிட்டேன் நைனா! கிணறும் எனக்கே. கோர்ட்டுல கூட இத்தக் கையிலயே வெச்சிக்கினு இருந்தேன். நான் பேசச்சொல்ல எவனும் குறுக்க பேசல." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வற்றிச் சுருங்கி, பழுப்பேறிய எலுமிச்சம்பழம். "சர்க்காரு சாமானு. எனக்கு எதுக்கு? உன் பேர்லதான எழுதியிருப்பாங்க, உனக்கு வம்பு வரக் கூடாது, வாங்கிக்க."

கோவர்த்தனனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உத்தியோகமே திரும்பி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ரிஜிஸ்டரைத் திறந்தான். பேனாவை நனைத்தான். 'பந்து (தற்காலிகம்) ஒன்று, வாடிய நிலையில்' என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. உள்ளே ஆபீசர், அடுத்த ஆட்டத்துக்கு யோசனைகள் சேர்ந்துபோயிருப்பதாகக் கிருஷ்ணப்பாவிடம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

பேனாவைக் கீழே வைத்தான். கங்கையாவின் நகலை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். குனிந்து, இரண்டு கையாலும், காகிதத்தையும் பழத்தையும் கிழவரிடம் கொடுத்தான்.

"இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் கங்கையா.

"கையெழுத்து ஆவற வரைக்கும் வுட்டுடாத பெரியவரே," என்றாள் கமலம்மா. "ஆனதும் உனக்குப் பின்னால வர்றவங்களுக்குக் குடு. வா, நான் காட்டறேன்." அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். உள்ளே ஆபீசரின் பேச்சு பாதியில் நின்றது.

கோவர்த்தனன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தான். மெமோவைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் தன் விளக்கத்தை எழுதினான்:

'பந்து தொலையவில்லை. ஆட்டத்தில் இருக்கிறது.'